பாவாயிக்குப் போய்ச் சேராத எழுத்துகள்

நான் வேலை பார்த்த நிறுவனம் வெள்ளி விழாவுக்கு மலர் போட்டது. "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கார்த்தி போன் செய்தான். என்னிடம் வேலை கற்றவன், இப்போது அங்கே மேலாளர். ஓய்வில் சும்மா இருக்கிறவள்தானே நான், உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மலர் வந்தது. வழவழவென்று தாள், அதில் என் படம், படத்துக்குக் கீழே 'எங்கள் வழிகாட்டி' என்று ஒரு வரி. கட்டுரையின் தொடக்கம் இருந்தது, முடிவு இருந்தது. நடுவில் நான் எழுதியிருந்த புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணையைக் காணோம். வெட்டிய இடத்தில் ஓர் இடைவெளியாவது விட்டிருக்கலாம். அதுவும் இல்லை. முன்னதையும் பின்னதையும் ஒட்டி, நடுவில் எதுவுமே இல்லாததுபோல் ஓடவிட்டிருந்தார்கள்.

அந்தப் பண்ணையைச் சொல்லத்தான் நான் பேனாவையே எடுத்தேன். அவர்கள் தூக்கிப் போட்டதை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் முன்கதை சொல்லவேண்டியிருக்கிறது.

என் சொந்த ஊர் நாமகிரிப்பேட்டை. படித்து முடித்ததும் சேலத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்றில் அடித்த பத்திரிகையை இன்னொன்றில் திறந்தால் 'திருநிறைச்செல்வி' இருந்த இடத்தில் கொக்கியும் கோணலுமாக ஏதோ நிற்கும். கம்ப்யூட்டருக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது, உள்ளே இருப்பது வெறும் எண்கள், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்ல ஓர் அட்டவணை வேண்டும் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. அட்டவணை மாறினால் மணப்பெண்ணின் பேரே குப்பை. பிறகு மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்து, அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டின் மேல், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மாடியில் இருந்த இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். லாரி புக்கிங் ஆபீஸ், போர்வெல் ரிக் வைத்திருக்கிறவர்கள், கோழிப்பண்ணைகள், இவர்களுக்கெல்லாம் மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு.

அங்கே என் வேலைக்கு மற்றவர்கள் வைத்த பெயர் 'பொட்டலம் கட்டறது'. நிரலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுவார்கள். எழுதியதை அப்படியே கொண்டுபோய் ஒரு லாரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது, அங்கே பைத்தான் இருக்காது. ஆகவே நிரல், அதற்கு வேண்டிய துணைக் கோப்புகள், எழுத்துரு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எக்ஸி கோப்பாகக் கட்டவேண்டும். அவர்கள் அதை இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கவேண்டும். கேட்பதற்கு மிட்டாய்க் கடை வேலை மாதிரி இருக்கும். எங்கள் மேசையில் அழகாகத் தமிழ் பேசிய நிரல், பொட்டலம் கட்டி இன்னொரு மேசையில் பிரித்ததும் பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிடும். எங்கள் கம்ப்யூட்டர்களில் யூனிகோட் தமிழுக்கு எல்லாம் சரிசெய்து வைத்திருப்போம். வாடிக்கையாளரின் பழைய விண்டோஸ் தன்னிடம் இருக்கும் ஆங்கில அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு தமிழைப் படிக்கப் பார்க்கும். அதில் 'அ'வும் கிடையாது 'ஆ'வும் கிடையாது. உடனே ஒரு பிழைப் பெட்டியைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அதற்காக எங்கள் அறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். பைத்தான் இல்லை, தமிழுக்கு எந்த வசதியும் இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன். எதைக் கொடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும் என்பதால் அதற்கு 'மாமியார்' என்று பெயர். கட்டிய பொட்டலம் எதுவானாலும் மாமியாரிடம் போய் வந்த பிறகுதான் வெளியே போகும். தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்கச் சொல்லுவேன். எக்ஸெலில் சேமித்த பட்டியலைக் கொடுப்பேன், ஏனென்றால் எக்ஸெல் சிலசமயம் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்துவிடும், முதல் பெயர் மட்டும் தேடினால் கிடைக்காது. செய்திகள் ஓடும் கறுப்புத் திரை இல்லாமல் ஓடும்போது நிரல் தன் பேச்சை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் திணறும், அதையும் பார்ப்பேன். எல்லாம் தாண்டினால்தான் "மாமியார் ஒத்துக்கிட்டாங்க" என்று அறிவிப்பேன். கார்த்தி மாதிரிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நிரல் ஓடியது.

ஒருமுறை திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஆபீஸில் மட்டும் எங்கள் பொட்டலம் திறக்கவே மறுத்தது. பக்கத்து மேசையில் ஓடுகிறது, இதில் ஓடவில்லை. நேரில் போய்ப் பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டரை அமைத்தவர் பக்தியாக 'முருகன் துணை' என்று தமிழிலேயே பயனர் பெயர் வைத்திருக்கிறார். எங்கள் எக்ஸி திறக்கும்போது அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள் போய்த்தான் தன்னைப் பிரித்து வைத்துக்கொள்ளும். வாசலில் தமிழைப் பார்த்ததும் உள்ளே போகத் தெரியாமல் நின்றிருக்கிறது. அன்று முதல் மாமியாரின் பயனர் பெயரும் 'முருகன் துணை' ஆகிவிட்டது.

இப்போது தயாளன் சாரைச் சொல்லவேண்டும். அப்போதைய மேலாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் 'ங்க' போடுவார், டீ வந்தால் முதல் டம்ளரை எதிரில் இருப்பவர் பக்கம் இரண்டு விரலால் நகர்த்துவார். தப்பான காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லப்போகிறார் என்றால் முதலில் புகழ்வார். அவர் வாயில் 'பிழை' என்ற சொல் வராது. எல்லாம் 'சின்ன விஷயங்க'. அந்தச் சின்ன விஷயங்களைச் சுமந்தே என் இடுப்பு போயிற்று.

"உங்கள மாதிரி வேலை சுத்தம் யாருகிட்டயும் இல்லீங்க மேடம்" என்று ஒருநாள் டம்ளரை நகர்த்தினார். ஆகா, வந்தது வினை என்று நினைத்துக்கொண்டேன். "ஆனா கஸ்டமர் முன்னாடி எர்ரர் பெட்டி வந்தா நமக்குத்தானுங்க அசிங்கம். எழுத்து புரியலீன்னா கண்டுக்காம மேல போன்னு ஒரு வார்த்தை போட்டுக்கலாமாமே. நெட்ல பாத்தனுங்க."

அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது. 'இக்னோர்' என்று போட்டால் நிரல் தனக்குப் புரியாத எழுத்தை ஓசைப்படாமல் தள்ளிவிட்டு, புரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். பெட்டியும் வராது, நிற்கவும் நிற்காது.

"தமிழ்ல ஓடுற நிரலுக்குத் தமிழ் புரியலீன்னா அது ஓடி என்னங்க சார் பிரயோசனம்? நின்னா போன் பண்ணுவாங்க, சரி பண்ணலாம். நிக்காம ஓடுனா யாருக்குத் தெரியும்?" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க சொன்னா சரிதானுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம்.

புதுச்சத்திரத்துப் பண்ணை குழந்தைவேலு என்பவருடையது. நிறையக் கொட்டாய்கள். எங்கள் பக்கம் கோழி வளர்க்கும் நீள ஷெட்டை அப்படித்தான் சொல்வோம். கொட்டாய்களுக்குப் பேர் உண்டு: வேப்பமரத்துக் கொட்டாய், கிணத்துமேட்டுக் கொட்டாய், ரோட்டுக் கொட்டாய் என்று. பேங்க்காரர்களுக்காகச் சுவரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் பெயிண்டில் எழுதியிருந்தது, ஆனால் அங்கே யாரும் எண்ணைச் சொல்லிப் பேசியதில்லை. பண்ணைக்குள்ளேயே தீவனம் அரைக்கும் மில். அரைத்துக் கலந்த தீவனத்தை மூட்டை பிடித்து, வாயைத் தைக்கும்போது ஒரு டேக்கையும் சேர்த்துத் தைத்து, டிராக்டரில் ஏற்றி அந்தந்தக் கொட்டாய்க்கு அனுப்புகிற பொறுப்பு பாவாயி என்ற அம்மாவுடையது. பண்ணை கொடுத்த வீட்டில் குடும்பத்தோடு குடியிருந்தார். தமிழ் நன்றாக வாசிப்பார், இங்கிலீஷ் தெரியாது. டேக்கைத் தமிழில் அச்சடிக்க நிரல் வேண்டும் என்று குழந்தைவேலு எங்களிடம் வந்ததே அவருக்காகத்தான். ஆக அந்த நிரலுக்கு உலகத்தில் ஒரே ஒரு வாசகர், பாவாயி.

முதல் டேக் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். மூன்று வரி. தீவனத்தின் பெயர், கொட்டாயின் பெயர், அடியில் கலவை எண். பாவாயி விரலை வைத்து வாசித்தார். "எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க அம்மிணி. கண்ணாடி இல்லாமயே படிக்கறேன் பாருங்க" என்றார். பல வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல பாராட்டு அதுதான்.

பிறகு மகள் பிரசவத்துக்காக நான் நீண்ட விடுப்பில் கோயம்புத்தூர் போனேன். அந்தச் சமயத்தில் பண்ணையில் டேக் அடிக்கும் பிரின்டரை மாற்றினார்கள். புதிய பிரின்டருக்காகக் கார்த்தி நிரலைத் திருத்திப் பொட்டலம் கட்டினான். மாமியாரிடம் காட்டியிருக்கவேண்டும். எப்படிக் காட்டுவது, இடத்தை அடைக்கிறது என்று தயாளன் சார் மாமியாரைப் பழைய சாமான்காரருக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடியது. பண்ணையில் பிழைப் பெட்டி வந்தது, டேக் வரவில்லை. பண்ணையிலிருந்து போன். தயாளன் சார் கார்த்தியின் தோளில் கைவைத்து, அந்த ஒரு வார்த்தையைப் போடச் சொன்னார். போட்டான். சோதனைக்கு இங்கிலீஷில் 'டெஸ்ட் ஃபீட்' என்று அடித்துப் பார்த்தார்கள். அழகாக வந்தது. தமிழ் நிரலை இங்கிலீஷில் சோதித்துவிட்டு அனுப்பிய மகானுபாவர்களை நான் என்ன சொல்வது?

பண்ணையில் இப்போது பெட்டி வரவில்லை. டேக் வந்தது. புதிய பிரின்டரின் அட்டவணையில் தமிழ் இல்லை, ஆகவே தமிழ் எழுத்து ஒன்றுவிடாமல் தள்ளுபடி. எஞ்சியது அடியில் இருந்த எண் மட்டும். ஒரு வெள்ளை டேக்கில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் மூன்று.

பாவாயி அன்றைக்கே எங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தார். எடுத்தவன் கார்த்தி. "எழுத்தே வர்லீங்க சாமி, நம்பரு மட்டுந்தான் வருது" என்றிருக்கிறார். கார்த்தி தயாளன் சாரிடம் சொன்னான். "நம்பர் வருதில்லீங்களா, அப்ப அவசரமில்ல, அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம்" என்றார் சார். அங்கே கோழி பட்டினி கிடக்க முடியுமா? பாவாயி முதலாளி மகன் சதீஷிடம் கேட்டிருக்கிறார். "நம்பரு இருக்குதில்ல, கொட்டாய்ச் செவுத்துலயும் நம்பரு இருக்குது. பாத்து அனுப்புங்க" என்று அவர் சொல்லிவிட்டார்.

டேக்கில் இருந்தது கலவை எண். சுவரில் இருந்தது கொட்டாய் எண். ஒன்றும் இரண்டும் தற்செயலாகப் பொருந்திப் போயின. மூன்று பொருந்தவில்லை. மூன்றாம் கலவை, குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்க மருந்து கலந்த தீவனம். மூன்றாம் எண் கொட்டாய், முட்டையிடும் கோழிகள் இருந்த ரோட்டுக் கொட்டாய். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் தீவனம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்து முட்டையில் இறங்கிவிட்டது. வெளிநாட்டுக்கு முட்டை அனுப்புகிற வியாபாரி சோதித்துப் பார்த்து, மொத்த லோடையும் திருப்பிவிட்டார்.

நான் விடுப்பு முடிந்து வந்ததும் தயாளன் சார் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். கிளம்பும் முன் நிரலைத் திறந்து பார்த்திருந்தேன். அந்த வார்த்தை கண்ணில் குத்தியது. காரில் அவரிடம் சொன்னேன். "சின்ன விஷயங்க மேடம். நீங்க வந்தா அவிகளுக்கு ஒரு நம்பிக்கை. பேசறத நான் பேசிக்கறேன்" என்றார்.

பண்ணைக்குப் பின்னால் ஜேசிபி வைத்துக் குழி தோண்டியிருந்தார்கள். தட்டுத் தட்டாக முட்டையைக் கொண்டுவந்து அதில் கவிழ்த்தார்கள். உடைகிற சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. பாவாயி மில் வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தைவேலு குழியைப் பார்த்தபடியே, "யாரு தப்புன்னு சொல்லுங்க" என்றார்.

"நிரல்ல நம்பர் சரியா வந்திருக்குதுங்க. மூட்டை கொட்டாய் மாறிப் போயிருச்சு. மனுசங்க கைத்தப்புதானுங்க" என்றார் தயாளன் சார், வழக்கமான அதே குரலில்.

எனக்கு வாய் நிற்கவில்லை. ஒரு மூட்டையிலிருந்து டேக்கைப் பிடுங்கிக் குழந்தைவேலுவிடம் நீட்டினேன். "இதுல மூணு வரி இருக்கோணுமுங்க. ரெண்டு வரிய எங்க நிரல் முழுங்கிருச்சு. முழுங்கச் சொல்லி நாங்கதான் எழுதியிருக்கறோம். தப்பு எங்களுதுங்க, இந்தம்மா மேல இல்ல."

குழந்தைவேலு டேக்கைத் திருப்பிப் பார்த்தார். "சரீங்க. பொட்டி முழுங்கிருச்சு. வெறும் டேக்கப் பாத்தும் மூட்டைய ஏத்துனது ஆரு?"

"நானு அன்னைக்கே போனு பண்ணிச் சொன்னனுங்க" என்றார் பாவாயி. "சின்ன மொதலாளிகிட்டயும் கேட்டனுங்க. நம்பரப் பாத்து அனுப்பச் சொன்னாருங்க."

"நான் எப்பச் சொன்னேன்?" என்றார் சதீஷ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படி ஒரு போன் வந்ததா எங்களுக்குத் தெரியலீங்களே" என்றார் தயாளன் சார்.

நான் அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கார்த்தியைக் கூப்பிட்டேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாவின் வேலையும் வீடும் தங்கும். "கார்த்தி, பண்ணையிலிருந்து பாவாயியம்மா எழுத்து வர்லீன்னு போன் பண்ணாங்களா இல்லையா? சார் பக்கத்துல இருக்காரு, பண்ணைக்காரரும் இருக்காரு. உள்ளதைச் சொல்லு." "நெனப்பு இல்லீங்க மேடம்" என்றான்.

தயாளன் சார் என்னைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார். பாவாயி என்னைப் பார்த்தார்.

அந்த வாரமே பாவாயியை வேலையிலிருந்து நிறுத்தி, பண்ணை வீட்டையும் காலி செய்ய வைத்துவிட்டார்கள். வேறு பண்ணையில் வேலை கேட்டால், 'கோழிக்கு மருந்த மாத்திப் போட்ட பாவாயியா' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கோழியை நம்பிப் பிழைக்கிற ஊர்களில் அந்தப் பேர் ஒட்டினால் கழுவ முடியாது. தப்பு எங்களுடையது என்று நிறுவனம் ஒரு வரி சொல்லட்டும் என்று தயாளன் சாரிடம் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். டீ டம்ளர் நகர்ந்தது. "உங்களுக்கு ரெஸ்ட் வேணும்ங்க மேடம்" என்று என்னைப் பொட்டலம் கட்டுவதிலிருந்து எடுத்து, வாடிக்கையாளர் போனை எடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். கடைசி நாள் பொன்னாடை போர்த்தி, "இவங்க நம்ம நிறுவனத்தோட மனசாட்சிங்க" என்று பேசினார். அந்தப் பொன்னாடையை வீட்டுக்கு வந்ததும் வண்டி துடைக்கப் போட்டுவிட்டேன்.

இப்போது நாமகிரிப்பேட்டைக்கே திரும்பிவிட்டேன். பாவாயியும் இங்கேதான் இருக்கிறார், மஞ்சள் மண்டியில் தினக்கூலி. ஒருநாள் சந்தை ரோட்டில் பார்த்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார் என்று பயந்தேன். அவர்தான் நின்று, "நல்லா இருக்கறீங்களா அம்மிணி" என்றார். கார்த்தி கேட்ட கட்டுரையை எழுதி அனுப்பியதும் முதலில் அவரிடம்தான் போய்ச் சொன்னேன். "நடந்ததை அப்படியே எழுதியிருக்கேன். உங்க பேரு போட்டு, நீங்க போன் பண்ணுனதையும் போட்டு. மலர்ல வரும், பண்ணைக்காரங்க எல்லாத்துக்கும் அனுப்புவாங்க." அவர் ரொம்ப நேரம் என் கையை விடவில்லை.

மலர் வந்ததும் நான் அவரிடம் கொண்டுபோகவில்லை. எந்த முகத்தோடு போவேன்? யாரோ சொல்லி அவரே மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். "எங்கீங்க அம்மிணி, குடுங்க, நானே படிக்கறேன்" என்றார். கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தார். அச்சகம், மாமியார், முருகன் துணை. மாமியாருக்குச் சிரித்தார். கடைசி வரி வரை போனார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இதுல நானு எங்கீங்க அம்மிணி?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.

"போச்சாது, உடுங்க" என்று மலரை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

எவ்வளவு துடைத்தாலும் மண்டியில் வேலை செய்கிறவர்கள் கையில் மஞ்சள் போகாது. அவர் விரல் போன வழியெல்லாம் வரிக்கு அடியில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. புதுச்சத்திரம் வரவேண்டிய இடத்திலும் அது எங்கேயும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிருந்தது.